அட்டையில் படமெடுத்த பாம்பு

தன் காசில் தானே புத்தகம் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே எழுதியதை ஊரே உட்கார்ந்து படிக்கப்போகிறது என்று நம்பிவிடுவார்கள். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அட்டை என்று ஒன்று வேண்டுமே என்ற ஞாபகம் மட்டும் கடைசி வாரத்தில்தான் வரும், மண்டபம் பிடித்து சமையலுக்கும் சொல்லிவிட்டுத் தாலி வாங்க மறந்த கல்யாண வீட்டைப் போல. எனக்கும் அப்படித்தான் வந்தது. அதன் பலனை என் மாமியார் தன் காலில் கட்டிக்கொண்டு அனுபவித்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டில் நெல்லும் கரும்பும். எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை. (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) தனலட்சுமி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'. என் மாமியார் மட்டும் 'தனம்' என்பார். கோபம் வந்தால் 'இந்தாம்மா' என்பார்.

கரும்பு வெட்டும் காலமும் நெல் அறுக்கும் காலமும் வந்தால் எங்கள் வார்டுக்குப் பாம்புக்கடி வர ஆரம்பித்துவிடும். பாம்பு செய்ததைப் பார்த்து நான் பயந்ததில்லை. கூட வந்தவர்கள் செய்து கூட்டிவருவதைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறேன். பிளேடால் கீறிக்கொண்டு வருவார்கள். மிளகைத் தின்னக் கொடுத்துவிட்டு வருவார்கள். மந்திரிக்கிறவர் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் செருகிய பிறகு வருவார்கள். ஒருமுறை கரும்பு வெட்ட வந்த ஒருவரைச் சணல் கயிற்றால் தொடையில் கட்டித் தூக்கிவந்தார்கள். கால் நீலம் பூத்துச் சில்லிட்டிருந்தது. கடித்தது விஷமே இல்லாத பாம்பு. காலைக் கெடுத்தது கயிறு. பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வராந்தாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இறுக்கித்தான் கட்டுனோம் சிஸ்டர், அப்பவும் இப்பிடி ஆயிப்போச்சே" என்று அழுதார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதில்தான் பிறகு ஒரு புத்தகமானது.

நான் எழுத்தாளர் இல்லை. கேஸ் ஷீட்டைத் தவிர எதையும் தொடர்ந்து எழுதியதில்லை. ஆனாலும் ஷிப்டு முடிந்து வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தினார். எந்தப் பாம்பு எப்படி இருக்கும், கடித்தால் என்ன ஆகும், என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எல்லாம் இருந்தது. நல்ல புத்தகம்தான். இன்றைக்கும் சொல்வேன், உள்ளே நல்ல புத்தகம்.

அட்டைக்கு என் வீட்டுக்காரர் ஒரே வரியில் வழி சொன்னார். "நம்ம சதீஷ் கீறான் இல்ல?"

சதீஷ் என் கொழுந்தன். மூலக்குளத்தில் பேனர் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்தல், கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு என்று வில்லியனூர் ரோட்டில் நீங்கள் பார்க்கும் பேனர்களில் நாலில் ஒன்று அவன் கைவண்ணம். கெட்டிக்காரன். நம் மூஞ்சியையே நமக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்துக் கொடுப்பான்.

நான் சும்மா போகவில்லை. புத்தக அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று போனில் நிறைய வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனேன். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் என்ன புத்தகம் என்று தெரிய வேண்டும். ஒரே படம், ஒரே செய்தி. யாருக்காக எழுதினோமோ அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதை நான் பலமாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு அப்படியே மறந்துபோனேன்.

"அண்ணி, புக்கு இன்னா சப்ஜெக்டு?" என்றான் சதீஷ்.

"பாம்புக்கடிக்கு முதலுதவி."

"சூப்பர் அண்ணி! பாம்பு நம்மகிட்ட நெறைய கீது."

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். அதன் பெயர் 'அம்மன்'. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு தலை, ஐந்து தலை, ஏழு தலை என்று விதவிதமாகப் பாம்புகள், பின்னணி நீக்கித் தயாராக இருந்தன. நான் அவனிடம் கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்லபாம்பு நான்கையும் வரிசையாக வைக்கச் சொல்லி, கொண்டுபோன படங்களைக் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது.

"இன்னா அண்ணி இது, சைக்கிள் டியூப் மாதிரி கீது. இது மூட்ட கட்டற கயிறு. இதெல்லாம் அட்டையில போட்டா யார் பாம்புன்னு ஒத்துக்குவாங்க? பாம்புன்னா படம் எடுக்கணும் அண்ணி."

(மூட்டை கட்டுகிற கயிறு என்று அவன் சொன்னது கண்ணாடி விரியனை. எங்கள் பக்கத்தில் அதிகம் பேரைக் கடிப்பது அதுதான். கயிறு என்று நினைத்து மிதிப்பவர்களைத்தான் கடிக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தையே அட்டையில் போட்டிருக்கலாம். இப்போது சொல்லி என்ன.)

ஒரு தலை நல்லபாம்பு ஜெயித்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த பின்னணி வந்தது, நீலம் அச்சில் மங்கிவிடுமாம். படத்துக்குப் பின்னாலிருந்து ஒளிக்கதிர்கள் கிளம்பின, இல்லாவிட்டால் 'டல்' அடிக்குமாம். மேல்மூலை இரண்டிலும் வேப்பிலைக் கொத்து முளைத்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"எடம் காலியா கெடந்துச்சி அண்ணி. காலியா வுட்டா வேல தெரியாதவன்னு சொல்லிடுவாங்க."

கீழே 'பாம்பு கடித்தால்' என்று தங்க எழுத்து. பின்னட்டைக்கு என் போட்டோ கேட்டான். யூனிபார்மில் ஒன்று எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அவனாகவே எங்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழா ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துவிட்டான். பட்டுப்புடவை கட்டி, தலைநிறைய பூ வைத்து, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கும் நான்.

அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் வார்டில் இருந்தேன். ஒரு கையில் சலைன் பாட்டில், மறுகையில் போன். படம் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. வீடியோவில் சொன்ன பரீட்சையே அதுதானே? பாம்பு பளிச்சென்று தெரிந்தது. தலைப்பு தெரிந்தது. பாஸ். பெருவிரலை உயர்த்தும் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். என் எழுத்து வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவை ஒரு பாட்டில் சலைன் பாதி இறங்கும் நேரத்தில் எடுத்தேன் என்பதை இளம் எழுத்தாளர்கள் கவனிக்க.

அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கியது ஆடி மாதம். மாமியார்தான் முதல் கட்டைப் பிரித்தார். ஒரு பிரதியை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "தாயே" என்றார். மருமகள் புத்தகம் எழுதியதில் இத்தனை நெகிழ்ச்சியா என்று நினைத்துக்கொண்டேன். சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

விற்பனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவே இல்லை. கோயிலில் கூழ் ஊற்றிய அன்று மாமியார் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனார், வெறும் பையோடு வந்தார். வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது சொந்தக்காரர்களுக்கென்று இன்னொரு கட்டு போனது. ஊரில் புத்தகம் இல்லாத வீடே இல்லை என்று ஆனது. ஒரு ஆட்டோவின் முன்கண்ணாடியில் என் புத்தகம் சாய்ந்து நின்றது, மேலே ஒரு முழம் கதம்பம். ஒரு மாட்டுக் கொட்டகை வாசலில் ஓட்டை போட்டு நூல் கோத்துத் தொங்கியது. இன்னொரு வீட்டில் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, பாம்பின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படிப்புக்கு நம் ஜனங்கள் கொடுக்கும் மரியாதையே தனி என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு அஞ்சலையக்காவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "எப்படி இருந்துச்சுக்கா புத்தகம்?"

"மேல வெச்சிருக்கேன் சிஸ்டர். வூட்ல வயசுப் பொண்ணுங்க கீதுங்க. எல்லா நாளும் தொட முடியாது இல்ல?"

அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? 'பத்திரமாக வைத்திருக்கிறார்' என்று புரிந்துகொண்டேன். இன்னொருவர் வந்து, "இத வெச்சா பூச்சி வூட்டுக்குள்ள வராதாமே சிஸ்டர்?" என்று கேட்டார். (எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் பாம்பு என்று வாயால் சொல்லமாட்டார்கள். பூச்சிதான்.) நான் மிகுந்த அடக்கத்தோடு, "அறிவுதான்யா நமக்குப் பாதுகாப்பு" என்றேன். அவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மோட்டார் கொட்டகைக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

கரும்பு வெட்டு ஆரம்பித்திருந்தது. அன்று பகல் ஷிப்டு முடித்து ஸ்கூட்டரில் திரும்பிவந்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். நாலைந்து பேர் கையில் என் புத்தகம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வாசகர்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் கேள்வி கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட மனசுக்குள் தயாராகிவிட்டேன்.

அஞ்சலையக்கா ஓடிவந்தார். "வந்துட்டியா சிஸ்டர்! ஒன்னும் பயப்படாத. அத்தைய பூச்சி கடிச்சிடுச்சி. வரப்புல புல்லு அறுக்க போன எடத்துல. போன் போட்டுக்கினே கீறோம், நீ எடுக்கல. ஆனா புஸ்தகத்த கட்டிட்டோம்."

"எதைக் கட்டினீங்க?"

"உன் புஸ்தகத்தத்தான். ஒன்னு பத்தாதுன்னு ரெண்டா வெச்சிருக்கோம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எதிர் நாற்காலியில் கால் நீட்டியிருந்தது. கணுக்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் ஒரு புத்தகம், சுற்றி மஞ்சள் துணி. இரண்டு பாம்புகளும் படமெடுத்து என்னைப் பார்த்தன. பாதம் வீங்க ஆரம்பித்திருந்தது. கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பிரதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடித்தால் மந்திரிக்கக் கூடாது என்று முழுசாக ஓர் அத்தியாயம் எழுதியவள் நான். அந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மந்திரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மாமியார்தான் அடக்கினார். "இந்தாம்மா, கத்தாத. கடிச்சது என்னிய. அம்மா பக்கத்துல கீறா, நீ இன்னாத்துக்கு பதர்ற?"

வீட்டுக்காரர் கரும்பு லோடோடு ஆலைக்குப் போயிருந்தார். நல்லவேளையாக, சேதி கேட்டு வந்திருந்த சதீஷின் லோடு ஆட்டோ வாசலிலேயே நின்றது, எங்கேயோ கட்ட வேண்டிய ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரோடு. அந்த பேனரையே விரித்து மாமியாரைப் படுக்கவைத்தோம். யாரோ ஒரு குடும்பத்தின் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லோரும் அவருக்கு அடியிலிருந்து சிரித்தார்கள். நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பிய்த்து எறிய வேண்டும் போல் வெறி. ஆனால் காலை அசைக்கக் கூடாது என்று நானே எழுதியிருக்கிறேனே. துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது.

"யாரு அத்தை இவ்ளோ லூசா கட்டினது?"

"நான்தான் சொன்னேன். அஞ்சல இறுக்கு இறுக்குன்னு இறுக்க வந்தா. அம்மன் மூஞ்சி கசங்கிடும்டி, மெதுவா கட்டுன்னேன்."

முன்னால் சதீஷ் அழுதுகொண்டே ஓட்டினான். "அண்ணி, அம்மாவுக்கு ஒன்னும் ஆவாது இல்ல? சொல்லு அண்ணி."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றேன்.

எங்கள் வார்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் காலைப் பார்த்ததும், "யார் கட்டினது இது? ரொம்ப நல்லா இருக்கே. கால் ஆடல, கட்டும் லூசா இருக்கு" என்று பாராட்டினார். பிறகு துணியை அவிழ்த்தார். அட்டையைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். அதற்குக் கீழே இருந்த பெயரையும் படித்தார். புத்தகத்தைத் திருப்பினார். பட்டுப்புடவையில் கைகூப்பி நான் அவரை வரவேற்றேன்.

"சிஸ்டர், இது..."

"ஆமா டாக்டர்."

"எனக்கும் ஒன்னு குடுத்தீங்க இல்ல? அது எங்க அம்மா சாமி ரூம்ல வெச்சிருக்காங்க. நான் நீங்க ஏதோ நேர்த்திக்கடனுக்குப் போட்ட புக்குன்னு நெனச்சேன்."

தரை பிளக்கக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரித் தரை, உறுதியாக இருந்தது.

வீக்கத்தைப் பார்த்தால் விரியன் கடி போல இருந்தது, அதற்கு ஒரு சோதனை உண்டு. ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உறைந்தால் நல்லது. உறையாவிட்டால் விஷம் வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். எத்தனையோ பேருக்கு அந்தக் குழாயை வைத்துவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு அதன் முன்னாலிருந்து நகர முடியவில்லை. என் மாமியாரோடு நான் சண்டை போடாத மாதமில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளையும் அவர் இடுப்பில் விட்டுவிட்டுத்தான் நான் ஷிப்டுக்கு ஓடினேன். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் அந்த இரண்டு புத்தகங்கள்.

"தனம்" என்றார். "சும்மாதான ஒக்காந்திருக்க? அதுல இன்னாதான் எழுதியிருக்க, படி."

புத்தகம் வந்து இத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் மனுஷி அவர்தான். திறந்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புது மை வாசனை அடித்தன. முதல் வரியைப் படித்தேன். 'முதலில் பயப்படாதீர்கள்.' என் குரல் உடைந்துவிட்டது. அவர் என் கையைத் தட்டி, "படிம்மா, படி" என்றார். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று படித்துக்கொண்டே போனேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திறந்தார்.

"இதெல்லாம் உள்ளயா போட்டு வெச்சிருக்க?"

"ஆமா அத்தை."

"உள்ள போட்டா எங்களுக்கு எப்பிடி தெரியும்? மேல போடறதுக்கு இன்னா உனக்கு? உனக்காக எவ்ளோ நேரம் வாசல்ல ஒக்காந்திருந்தேன், தெரியுமா?"

நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் யாரும் இதைச் சொல்லவில்லை.

குழாயைச் சாய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையவில்லை, தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். அதன்பிறகு நடந்ததை நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. மறுநாளும் பயமாகத்தான் இருந்தது. அதற்கடுத்த சோதனையில் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

மாமியார் வீடு திரும்பியதும் ஊரில் புத்தகத்தின் மவுசு எங்கேயோ போய்விட்டது. "கட்டுனாங்க, பொழச்சாங்க" என்று சேதி பரவியது. மருந்து ஏற்றியதை யாரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று கேட்டார்கள். இத்தனை பேரும் கடி வாங்கினால் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்களே? மீதி இருந்த பிரதிகளை உள்ளறையில் போட்டுப் பூட்டினேன்.

சதீஷ் பேயறைந்தவன் மாதிரி ஆகியிருந்தான். அவனாகவே புது அட்டை போட்டுக்கொண்டு வந்தான். முழு வெள்ளை, சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி, அடக்கமான கறுப்பு எழுத்து. அவன் வாழ்க்கையிலேயே காலி இடம் விட்டது அன்றுதான். சாம்பிளை அஞ்சலையக்காவிடம் காட்டினேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா சிஸ்டர், மாத்திர கம்பெனிக்காரன் குடுத்ததா? நமக்கு அந்தப் பழசே போதும்."

அன்று வெகுநேரம் யோசித்தேன். இவர்களைத் திட்டி என்ன பயன்? ஒரு புத்தகத்தைத் தினமும் குளித்துவிட்டு வந்து பார்க்கிறார்கள், விளக்கேற்றிக் காட்டுகிறார்கள். எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இந்த வாசகர்? திறக்கமாட்டார்கள், அவ்வளவுதான். திறக்காத வாசகருக்கு எழுத வேண்டிய இடம் வாசலில்தானே இருக்கிறது?

பாம்பை மறுபடி கூப்பிட்டேன். ஒளிக்கதிரையும் வேப்பிலையையும் எடுக்கச் சொன்னேன், பாம்பைப் பாதியாகச் சுருக்கச் சொன்னேன். மீதி இடம் முழுக்க, மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவில் எழுத்து. மாமியார் சதீஷுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "பாம்புன்னு போடாதடா. வெளக்கு வெச்ச பெறகு யாரு அந்தப் பேர படிப்பா? பூச்சின்னு போடு." போட்டான்.

பூச்சி கடித்தால்
இறுக்கிக் கட்டாதே. கீறாதே.
காலை ஆட்டாதே.
யாருக்காகவும் காத்திராதே.
உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

என் பெயரைக் கடைசியில் எறும்பு அளவுக்குப் போட்டான். பின்னட்டையில் நான் இல்லை. அதே வரிகள் திரும்பவும் இருந்தன, கவிழ்த்து வைக்கிறவர்களும் உண்டு என்று மாமியார் சொன்னதால். பழைய பிரதியைக் கொடுத்தால் புதுசு தருவதாகச் சொல்லி வீடு வீடாக மாற்றினோம். பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் காப்பித் தம்ளரோடு ஒரு வாக்கியமும் கொடுத்துவிடுவார். "எம் மருமவ புஸ்தகத்த படிச்சவங்க ஊர்ல யாரும் கெடயாது. கட்டிக்கினு பொழச்சவ நான் ஒருத்திதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் மறுபடி சொல்வார்.

சமீபத்தில் ஒரு மத்தியானம், பாகூர் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடவு வயலில் கடித்திருக்கிறது, நேராக ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். கீறல் இல்லை, கயிறு இல்லை. கணுக்காலின் இரண்டு பக்கமும் என் புத்தகம், மேலே துண்டு. துண்டுக்குள் விரலை விட்டேன். போனது.

கூட வந்த மனைவியிடம் கேட்டேன். "புத்தகம் படிச்சீங்களாம்மா?"

"தெறக்கல சிஸ்டர். எல்லாம் மேலயே போட்டிருக்குதே, அதான் ஓடியாந்துட்டோம்." பிறகு ஏதோ தப்பு செய்துவிட்டவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சி. மனசு கேக்கல. ஆனா இறுக்கல சிஸ்டர். இறுக்குனா அம்மன் மூஞ்சி கசங்கிடும் இல்ல?"

வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பழைய மனைவியின் முகம் வந்து போனது. "நல்லா கட்டியிருக்கீங்கம்மா" என்றேன். ஊசி எடுக்கப் போவதுபோலப் போய்விட்டேன். அவர் கணவர் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது வீட்டுக்காரர், "அடுத்த புஸ்தகத்துக்கு வெறும் அட்ட மட்டும் போடு, செலவு மிச்சம்" என்றார். மாமியார் சிரிக்கவில்லை. தன் ஒற்றைப் பெருமைக்குப் பங்காளி வந்துவிட்ட வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"ஏன் தனம், அவங்க ஒன்னு கட்டியிருந்தாங்களா, ரெண்டா?"

"ரெண்டு அத்தை."

"அப்ப சரி" என்றார்.